ஒரு டயர் கிழிந்தால் இரண்டு மாற்ற வேண்டுமா?

கேள்வி: "அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கத்திரியும் சாமந்தியும் போடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு பழைய ஆல்டோ கார் ஒன்று வாங்கினோம். பின் சீட்டை மடக்கிக் காய் மூட்டை ஏற்றி திருவண்ணாமலை உழவர் சந்தைக்குப் போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது எல்லாம் அதில்தான். போன பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடவில்லை. ஏரிக்கரை மண்பாதையில் சுற்றி வந்தபோது முன் டயரின் பக்கவாட்டைக் கருங்கல் கிழித்துவிட்டது. இப்போது ஸ்டெப்னியில் ஓடுகிறது. கடைக்காரர், 'இரண்டு டயராக மாற்றுங்கள்' என்கிறார். வீட்டுக்காரர், 'கிழிந்தது ஒன்று, இரண்டுக்கு எதற்குப் பணம்?' என்கிறார். கொழுந்தனார், பாதி விலைக்குப் பழைய டயர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஐப்பசி மழைக்கு முன்பு முடிவு செய்ய வேண்டும். வழியில் டயர் போனால் நானே மாற்ற முடியுமா என்பதையும் சொல்லுங்கள்."

– ஒரு வாசகி, அடி அண்ணாமலை.

பதில்: மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றில் கடைக்காரர் சொல்வதுதான் சரிக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் ஒரே ஒரு டயருக்கு மட்டும் பணம் கொடுத்து, இரண்டு மாற்றிய பலனைப் பெற வழி இருக்கலாம். அதற்கு முதலில் உங்கள் ஸ்டெப்னியைப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில், உற்பத்தி விவரம் உள்ள எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் தனியாக ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். உதாரணத்துக்கு, 3522 என்று இருந்தால் 2022-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஒரு பக்கம் தெரியவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள். உங்கள் ஸ்டெப்னி அதிகம் ஓடாமல், பட்டன் நன்றாக இருந்து, தயாரித்து ஐந்து வருடத்துக்குள்ளும் இருந்தால், அதே அளவில், அதே கம்பெனியில், அதே பட்டன் அமைப்பில் ஒரு புது டயர் வாங்குங்கள். ஸ்டெப்னியும் புது டயரும் ஒரு ஜோடி. இப்போது ஓடும் மற்ற மூன்றில் சுமாரானது ஸ்டெப்னியாகப் பின்னால் போகட்டும். வீட்டுக்காரரும் சமாதானம், கடைக்காரர் சொன்னதும் நடந்தது.

ஸ்டெப்னி பழையது என்றால் இந்தக் கணக்கு உதவாது. பழைய கார் வாங்குகிறவர்கள் பலர், ஸ்டெப்னியில் பட்டன் புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். விதை நெல்லை எத்தனை பத்திரமாக வைத்தாலும் வருடங்கள் கடந்தால் முளைப்பு குறைகிறதல்லவா, அதுபோலத்தான். ஐந்து வருடம் கடந்த டயரை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. நம் ஊர் வெயிலில் நான் ஆறு, ஏழு வருடத்திலேயே கழித்துவிடச் சொல்வேன்.

கிழிந்த டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்பதற்குப் பலர் இருக்கிறார்கள். கூடாது. ரேடியல் டயரில் தரையைத் தொடும் பகுதிக்கு அடியில்தான் இரும்புக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. அங்கே முள்ளோ ஆணியோ குத்தினால், ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், பஞ்சர் ஒட்டி ஓட்டலாம். பக்கவாட்டில் அந்தப் பட்டைகள் கிடையாது. ரப்பருக்குள் நூல் இழைகள்தான் காற்றின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் மடங்கி விரிகிறது. இழை அறுந்த இடத்தில் எந்த ஒட்டும் நிற்காது. வெளியே கிழிசல் இல்லாமல் ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி புடைத்திருந்தாலும் உள்ளே இழை அறுந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

கொழுந்தனார் சொல்லும் பழைய டயரின் சிக்கலும் இதுதான். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. தேய்ந்த டயரில் பட்டனைக் கத்தியால் ஆழமாக வெட்டி, கறுப்புச் சாயம் பூசி விற்பவர்களும் உண்டு. பாதி விலை என்பது உண்மையில் பாதி விலை இல்லை.

இனி, ஏன் ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள் என்பதற்கு வருவோம். உங்கள் காரும், காய் மூட்டையும், நீங்களுமாகச் சேர்த்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 250 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். 250 கிலோவைத் தாங்க 120 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ரப்பர் தரையில் படிந்திருக்க வேண்டும். இது ஒரு தபால் அட்டையின் அளவு. வண்டி கிளம்புவது, திரும்புவது, நிற்பது எல்லாம் அந்த நான்கு தபால் அட்டைகளின் பிடியில்தான் நடக்கின்றன. எஞ்சின் சக்தியோ பிரேக்கின் பலமோ அந்தப் பிடிக்கு மேல் ஒன்றும் செய்துவிட முடியாது. பிடிக்கும் ஓர் எல்லை உண்டு. பிரேக் பாதியை எடுத்துக்கொண்டால் திருப்பத்துக்கு மீதிதான் கிடைக்கும். வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பிரேக் அழுத்தினால் வண்டி இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் முழுப் பிடியும் திருப்பத்துக்குக் கிடைக்கும்.

காய்ந்த தார்ச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அழுத்தினால், நல்ல டயர் உள்ள கார் சுமார் 20 மீட்டரில் நிற்கும். அதே சாலை நனைந்திருந்தால் 35 மீட்டர் வரை போகும். நாம் பார்த்து, புரிந்து, காலை பிரேக்கில் வைக்கும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. வேகம் 40 என்றால் காய்ந்த சாலையில் 9 மீட்டர், ஈரத்தில் 16 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் நிற்கும் தூரம் இரண்டே கால் மடங்கு ஆகிறது.

பட்டன் இருப்பது தார்ச் சாலையை இறுக்கிப் பிடிப்பதற்கு என்று பலரும் நினைக்கிறோம். காய்ந்த சாலையில் மொட்டை டயரும் நன்றாகவே பிடிக்கும். பட்டனின் வேலை மழையில்தான். வயலில் வடிகால் வெட்டுவது போல, டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீரைப் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், திருப்பினாலும் வண்டி கேட்காது. விமானச் சக்கரங்களை வைத்து அமெரிக்காவின் நாசா 1960-களில் செய்த சோதனைகளிலிருந்து ஒரு கணக்கு வந்தது. அதன்படி தண்ணீர் தேங்கிய சாலையில் 30 பவுண்டு காற்று உள்ள தேய்ந்த டயர், 90 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி மிதக்கும். காற்று 20 பவுண்டாகக் குறைந்திருந்தால் 75-லேயே மிதக்கத் தொடங்கும். திண்டிவனம் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் 75 என்பது யாருக்கும் வேகமாகவே தோன்றாது. மாதம் ஒருமுறை காற்று பார்ப்பது மைலேஜுக்காக மட்டும் இல்லை.

பட்டனின் ஆழம் காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். டயர் பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 வந்துவிட்டது. புது டயரில் ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். என் கணக்கில், மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் போதாது. ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளைகளின் ஸ்கேலில் அளந்து பாருங்கள். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

ஒரே அச்சில் ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர் பட்டனும் மறுபக்கம் 3 மில்லிமீட்டர் பட்டனும் இருந்தால், மழையில் பிரேக் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதனால்தான் ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள். இரண்டு சக்கரத்தின் சுற்றளவும் வித்தியாசப்படுவதால் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் நேர் சாலையிலும் ஓயாமல் வேலை செய்து தேய்கின்றன.

அந்தப் புது ஜோடியை எங்கே போடுவது? ஆல்டோவை இழுப்பது முன் சக்கரம். திருப்புவதும் அதுவே. ஆகவே புதியது முன்னால்தானே என்று கேட்பீர்கள். கடையிலும் பல நேரம் அப்படித்தான் மாட்டி அனுப்புகிறார்கள். ஆனால் புதியது பின்னால் போக வேண்டும். ஈரச் சாலை வளைவில் முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடி விட்டால் பின்பக்கம் வீசி, வண்டியே சுழலும். அதைச் சமாளிக்கப் பழகிய கை வேண்டும். நமக்கோ வீட்டிலிருந்து சந்தைக்கு ஓட்டிப் பழகிய கைதான் இருக்கிறது. பின்சக்கரம் தள்ளும் ஆம்னி, டாடா ஏஸ், பொலிரோ போன்ற வண்டிகளுக்கும் இதே பதில்தான். புதிய டயர் பின்னால் இருந்தால் உங்கள் ஏரிக்கரைச் சேற்றில் முன் சக்கரம் கொஞ்சம் கூடுதலாக வழுக்கத்தான் செய்யும். சேற்றில் மாட்டினால் அரை மணி நேரம் போகும். சாலையில் சுழன்றால் போவது வேறு. முன்னால் இருக்கும் டயரும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் நான்கையும் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு வேறு பதில் இல்லை.

வாங்கும்போது பழைய டயரில் உள்ள எண்களை அப்படியே எழுதி எடுத்துப் போங்கள். 145/80 R12 74T என்று இருந்தால், 145 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரத்தின் சதவிகிதம், 12 என்பது ரிம்மின் அங்குல அளவு. 74 என்பதைக் காய் மூட்டை ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு டயர் 375 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு அது. இதைவிடக் குறைந்த எண் உள்ளதை வாங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ முத்திரையையும், நான்கு இலக்கத் தேதியையும் பார்த்துப் பணம் கொடுங்கள். கடையில் மூன்று வருடம் கிடந்த டயரைப் புதிது என்று வாங்க வேண்டியதில்லை. மூட்டைகளைக் கடைசிக் கதவை ஒட்டி அடுக்காமல் முன் சீட்டை ஒட்டி வையுங்கள். பாரம் பின்னால் போகப் போக முன் சக்கரத்தின் எடை குறையும், இழுவையும் குறையும்.

சேற்றில் மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுதான் நம் முதல் வழக்கம். அதுதான் தவறு. டிஃபரன்ஷியல், வழுக்கும் சக்கரத்துக்கே சுழற்சியை அனுப்பும். பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்கும். டிராக்டரில் டிஃபரன்ஷியல் லாக் பெடலை மிதித்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடலாம். சாதாரணக் காரில் அந்த வசதி இல்லை. ஸ்டீயரிங்கை நேராக்கி, வழுக்கும் சக்கரத்துக்கு முன்னால் சாக்கோ தென்னை மட்டையோ சரளைக் கல்லோ போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்துங்கள். சாக்கு சில நேரம் அம்பு மாதிரி பின்னால் பறக்கும், பிள்ளைகளை அந்தப் பக்கம் நிறுத்தாதீர்கள்.

பிடி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் கேழ்வரகு, உளுந்து, கொள்ளு எல்லாவற்றையும் நாமே சாலையில் பரப்புகிறோம். களம் இல்லை, வண்டிகள் ஏறினால் கூலி இல்லாமல் தானியம் உதிரும் என்கிற நியாயம் எனக்கும் தெரியும். ஆனால் டயருக்கு அடியில் அந்த மணிகள் சைக்கிளின் பால்ரஸ் குண்டுகள் மாதிரி உருளும். இரு சக்கர வண்டிக்காரர் அதன் மேல் பிரேக் போட்டால் விழுந்தே தீருவார். காய்ந்த கொடி காரின் அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடித்ததும் உண்டு. அந்தச் சாலையில் வருவதும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

டயரை நீங்களே மாற்றலாம், சகோதரி. பலத்தைவிட வரிசை முக்கியம். டயர் போனதும் அதே இடத்தில் நிறுத்த வேண்டியதில்லை. மெதுவாகக் கெட்டியான, சமமான தரை வரை உருட்டிப் போங்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை, வளைவில் நின்று மாற்றுவது ஆபத்து. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கி போடும் முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். சக்கரம் தரையில் அழுந்தியிருந்தால்தான் அது சுற்றாமல் நட்டு மட்டும் கழலும். கை பலம் போதவில்லை என்றால், ஸ்பானரைப் படுக்கையாக இருக்கும்படி மாட்டி, காரைப் பிடித்துக்கொண்டு அதன் முனையில் காலை ஊன்றி அழுத்துங்கள்.

மண் தரையில் ஜாக்கி புதையும். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் கனமான பலகை ஒன்று எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். கதவுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பில், சக்கரத்தின் அருகில் அதற்கென்று சிறு வெட்டு அடையாளம் இருக்கும். தூக்கியதும் ஸ்டெப்னியைக் காரின் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன் மேல்தான் உட்காரும். டயரைக் கழற்றியதும் கழற்றியதை அடியில் தள்ளி, ஸ்டெப்னியை எடுத்து மாட்டுங்கள். நட்டின் கூம்பு முனை உள்பக்கம் பார்க்க வேண்டும். நான்கு நட்டையும் கையால் திருகி, எதிரெதிராக இறுக்குங்கள். காரை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம். மரைக்கு கிரீஸ் வேண்டாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வீட்டு வாசலில் நிழலில் ஒருமுறை செய்து பழகிவிட்டால் ரோட்டில் கை நடுங்காது.

ஸ்டெப்னி என்ற பெயர் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-ல் அங்கே கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரத்தை விற்கத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பஞ்சர் கடையில் அந்தத் தெருவின் பெயர் இன்னும் புழங்குகிறது.

கேள்வி: "டிராக்டர் பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் இழுவை கூடும் என்கிறார்கள். எவ்வளவு நிரப்பலாம்?"

– செங்கம் பகுதி வாசகர்.

பதில்: டயரின் கொள்ளளவில் முக்கால் பாகம் வரை நிரப்பலாம். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு மட்டம் வரை தண்ணீர் ஏற்றினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். மீதி இடத்தில் காற்று இருந்தே ஆக வேண்டும். ஒரு டயருக்கு 100 லிட்டருக்கு மேல் பிடிப்பதால் இரண்டு பக்கமுமாக 200 கிலோவுக்கு மேல் எடை கூடும். மானாவாரி நிலத்தில் கலப்பை இழுக்க இது நல்லது. சேற்று உழவுக்கு இந்த எடை எதிரி. அங்கே கேஜ் வீல் போடுங்கள், தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

எடை தேவையா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தை அளங்கள். பிறகு உழுதுகொண்டே அதே 10 சுற்று. முதல் தூரம் 40 மீட்டர், உழும்போது 35 மீட்டர் என்றால் வழுக்கல் பன்னிரண்டரை சதவிகிதம். 10 முதல் 15 வரை இருப்பது சரி. 20-க்கு மேல் போனால் டீசலும் டயரும் வீணாகின்றன, எடை சேருங்கள். 5-க்குக் கீழே என்றால் வீண் எடையைச் சுமந்து மண்ணை இறுக்குகிறீர்கள். டயர் கழற்றி மாட்டும்போது திசையையும் பாருங்கள். பின்னால் நின்று பார்த்தால் பட்டன்களின் கூர்முனை மேல் நோக்கி இருக்க வேண்டும். மாறியிருந்தால் சேறு வெளியேறாமல் அப்பிக்கொள்ளும்.

கேள்வி: "ரீட்ரெட் டயர் போடலாமா?"

– போளூர் பகுதி வாசகர்.

பதில்: டிரெய்லருக்கும் லாரியின் பின் சக்கரத்துக்கும் தாராளமாகப் போடலாம். விமானங்களிலேயே ரீட்ரெட் டயர்கள் ஓடுகின்றன. சென்னை எம்.ஆர்.எஃப் நிறுவனமும் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கி, 1952-ல் ரீட்ரெட் ரப்பருக்கு மாறி, அதன் பிறகுதான் டயருக்கு வந்தது. பழைய டயரின் உடல் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. லாரி டயரின் உடலை அதற்கென்றே பலமாகச் செய்கிறார்கள். சின்னக் காரின் டயர் அப்படி இல்லை, மிச்சமாகும் பணமும் சொற்பம். காருக்கு வேண்டாம்.